சவுக்குச் சருகும் உப்புக் காற்றும்: கார் கேள்வி-பதில்

மழைக்காலம் முடிந்த கையோடு வந்த கேள்விகள் இவை. பாதி தண்ணீரைப் பற்றி, மீதி உப்பைப் பற்றி. கடற்கரைக்காரர்களின் வண்டிக்கு வேறென்ன வரும்!

மழை பெய்தால் முன் இடது சீட்டின் கால் வைக்கும் இடம் ஊறிவிடுகிறது. வெயில் நாளில் ஏசி போட்டாலும் சில நேரம் ஈரம். டாஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்கிறார்கள். (முத்தியால்பேட்டை)

கழற்ற விடாதீர்கள், இப்போதைக்கு. உங்களுக்கு இரண்டு வழியாகத் தண்ணீர் வருகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஏசி தண்ணீர். மழையில்லாத நாளில் வண்டியை நிறுத்திவைத்து இருபது நிமிடம் ஏசியை ஓட்டுங்கள். வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். தரை காய்ந்தே கிடந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டிலிருந்து விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் தொங்கும். வளையும் நைலான் டியூபை அதில் மெதுவாக விட்டு எடுத்தால் போதும். கூர்மையான கம்பி வேண்டாம். பஞ்சர் கடை கம்ப்ரஸரும் வேண்டாம். உள்ளே குழாய் கழன்றுகொண்டால் அப்போதுதான் நிஜமாகவே டாஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரும்.

அடுத்தது மழைத் தண்ணீர். பானட்டைத் திறந்தால் வைப்பருக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதல்லவா, கண்ணாடியில் வழியும் தண்ணீரெல்லாம் அதற்கடியில் இறங்கி இரண்டு பக்கமும் வெளியேற வேண்டும். போன மாதம் ஒரு வண்டியில் அந்த மூடியைத் தூக்கினேன். சவுக்குச் சருகும் கடல் மணலும் சேர்ந்து அடைபோல் இறுகியிருந்தது. கை நிறைய இரண்டு முறை அள்ளிப் போட்டேன். போக வழியில்லாத தண்ணீர் புளோயருக்குள் போகிறது, அங்கிருந்து உங்கள் காலடிக்கு. அள்ளிய பிறகு ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒழுகினால் சரி.

அப்புறம், மிதியடியை மட்டும் காயவைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள ஃபோம் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துவைக்கும். பல வண்டிகளில் ஒயரிங்கும் அந்த வழியாகத்தான் போகிறது. கார்ப்பெட்டைத் தூக்கி நிறுத்தி, டேபிள் ஃபேன் வைத்து இரண்டு நாள் காய விடுங்கள். கையோடு கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள கேபின் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அதில் அம்புக்குறி இருக்கும். பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம்.

தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். வண்டி ஒரு ராத்திரி நின்றது. இப்போது வடிந்துவிட்டது, ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? (பாகூர்)

வேண்டாம். ஒரே ஒரு முறை என்றாலும் வேண்டாம். 2024 ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு நான் பார்த்த கெட்டுப்போன இன்ஜின்களில் பல, தண்ணீர் வடிந்த பிறகு சாவியைத் திருகியதால் கெட்டவை. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து கை வைத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள், ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தாலும் டோ வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். போகும் முன் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுக்காதவர்கள், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், பெரும்பாலும் கைக்காசுதான் போட வேண்டியிருக்கும்.

காலையில் பிரேக் டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறத் துரு. மாற்ற வேண்டுமா? (தேவனாம்பட்டினம்)

கடல் சத்தம் கேட்கும் வீட்டில் அது தினப்படி விஷயம். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். கவலைப்பட வேண்டியது அடிப்பாகம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் ஹோஸைச் சக்கர வளைவுகளுக்குள்ளும் அடியிலும் பீய்ச்சுங்கள். போர் தண்ணீர் உப்பு என்றால் அதில் கழுவிப் பயனில்லை. கதவின் கீழ் விளிம்பில் சிறு துளைகள் இருக்கும், அவை அடைபட்டாலும் துரு உள்ளிருந்தே தின்றுவிடும். ஊருக்குப் போய் வாரக்கணக்கில் நிறுத்துவதானால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது ஒட்டிக்கொண்டிருக்கும்.

டீசல் வண்டி, பிஎஸ்6 புகை விதிப்படி வந்தது. வீட்டிலிருந்து கடைக்கு நாலு கிலோமீட்டர், திரும்ப நாலு. டிபிஎஃப் விளக்கு எரிகிறது. (கடலூர் முதுநகர்)

புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் அது. சூடேறினால்தான் பிடித்த கரியை எரிக்கும். நாலு கிலோமீட்டரில் எங்கே சூடேறுவது? சிதம்பரம் சாலையில் அறுபதுக்குக் குறையாமல், இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இருக்கும்படி இருபது முப்பது நிமிடம் ஓட்டுங்கள். விளக்கு அணையும்வரை நடுவில் நிறுத்தாதீர்கள். கூடவே இன்ஜின் விளக்கும் எரிந்தால் இதைச் செய்யாமல் சர்வீஸுக்குப் போய்விடுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் உடனே ஆயிலை மாற்ற வேண்டும். உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல் வண்டிதான் பொருத்தம், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எண்பதில் ஸ்டியரிங் உதறுகிறது. (நெல்லிக்குப்பம்)

கரும்பு வயல் பாதையில் போய் வந்தீர்களா? சக்கரத்தின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். சுரண்டிக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சமன் செய்ய வேண்டும்.

ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்கிறது. பேட்டரி முனையில் வெள்ளைப் பூச்சு. (லாஸ்பேட்டை)

நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் முனையை மாட்டி இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். ராத்திரி நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நல்லது. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுப் பாருங்கள். மறுநாளும் இறங்கினால் புதியது வாங்குங்கள்.

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. யூடியூப் பார்த்து நானே செய்யலாமா? (பண்ருட்டி)

கூடாது. ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.