சின்னத் துப்பாக்கியில் தற்காப்புத் தோட்டா வேலை செய்யுமா? அமெரிக்காவில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

பெரும்பாலும் உடல் தசைக்கு ஈடாக வைக்கும் ஜெல்லியில் சுட்டுத்தான். 10 சதவீத ஜெலட்டினைக் கரைத்து, கட்டியாக உறையவைத்து, 4 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். முதலில் மிளகு அளவு இரும்புக் குண்டு ஒன்றை அதில் சுடுவார்கள். அது 8.5 சென்டிமீட்டரை ஒட்டி நின்றால்தான் கட்டி பதமாக இருக்கிறது என்று அர்த்தம். இதைச் செய்யாத யூடியூப் சோதனைகளை நான் பெரிதாக நம்புவதில்லை.

1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். குற்றவாளியின் உடலில் பாய்ந்த ஒரு 9 மி.மீ. தோட்டா இதயத்தை எட்டாமலே நின்றுவிட்டது. அதன்பிறகுதான் தோட்டா ஜெல்லியில் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோல் வந்தது.

சின்னத் துப்பாக்கியின் சிக்கலே குழல் நீளம்தான். குழல் குட்டையானால் வேகம் குறையும். ஹாலோ பாயின்ட் தோட்டாவின் முனைக்குழி பூப்போல விரிய அந்த வேகம் வேண்டும். உடையும் விரிவதைத் தடுக்கலாம் என்பதால், கட்டிக்கு முன்னால் நான்கு மடிப்பு டெனிம் துணி போட்டும் சுடுவார்கள். துணி குழியை அடைத்துவிட்டால் தோட்டா விரியாமல் அப்படியே துளைத்துக்கொண்டு போய்விடும். பின்னால் நிற்பவருக்கு ஆபத்து.

ஆகவே பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. அது பெரும்பாலும் நீளக் குழலில் அளந்தது. ஜெல்லியில் எலும்பு கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.