ஒயர் மாற்றக் கொடுத்த சின்தசைசர் கருகிவிட்டது: கடைக்காரரிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: திருமங்கலம் பக்கத்துக் கிராமம் எனக்கு. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பதுதான் பிழைப்பு. என்னிடம் ரோலண்ட் ஜூனோ-106 சின்தசைசர் இருக்கிறது. ஜப்பானில் விற்ற நூறு வோல்ட் கருவி என்பதால் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரை வெளியே வைத்தே ஓட்டுவேன். கழற்ற முடியாதபடி அதோடு சேர்ந்தே இருக்கும் பவர் ஒயர், உள்ளே நுழையும் இடத்தில் வெடித்துச் செம்பு தெரிந்தது. மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் ஒயரை மட்டும் மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். டிரான்ஸ்பார்மரைக் கொண்டுபோகவில்லை. "ஜப்பான் கீபோர்டு, பார்த்துச் செய்யுங்கள்" என்று வாயால் சொன்னேன். அவர்கள் பழைய தட்டை முள் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று முள் பிளக் போட்டு நேராகச் சுவரில் செருகிச் சோதித்திருக்கிறார்கள். புகை வந்து நின்றுவிட்டது. "நாற்பது வருடத்துப் பொருள், சிப் போயிருக்கும். ரசீதிலேயே உத்தரவாதம் இல்லை என்று போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். 850 ரூபாய் கூலி கொடுத்தால்தான் கருவியைத் தருவார்களாம். சித்திரைத் திருவிழாக் கச்சேரிகளுக்கு வாடகைக் கீபோர்டு எடுத்துச் சமாளித்தேன். போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டாம். கெடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடோ, கெடும் என்று தெரிந்தோ செய்தால்தான் அது குற்றமாகும். இங்கே நடந்தது அலட்சியம். புகார் கொடுத்தால், "இது சிவில் விவகாரம்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். பிறகு அந்தத் தாளையே கடைக்காரர் தனக்குச் சாதகமாகக் காட்டுவார். நீங்கள் போக வேண்டிய இடம் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

அதற்கும் முன்னால் கருவியை அந்தக் கடையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். கடைக்காரர் மனம் மாறி, "இலவசமாகவே சரிசெய்து தருகிறோம்" என்று சொன்னாலும் இப்போதைக்குத் தலையாட்டாதீர்கள். கருவிக்கு உள்ளேயே இருக்கும் டிரான்ஸ்பார்மர்தான் கருகியிருக்கும், அது குப்பைக்குப் போய்விட்டால் உங்கள் வழக்கும் அதோடு போய்விடும். வேலை செய்தவர் கூலி வாங்கும்வரை பொருளைப் பிடித்துவைக்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த வேலை, பொருளை ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்றபடி நடந்திருக்க வேண்டும். ஒயர் மாற்றக் கொடுத்ததைக் கருக்கிவிட்டு அந்த உரிமையைப் பேசுவது எடுபடாது. ஆனாலும் 850 ரூபாய்க்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது. பணத்தை யுபிஐ மூலம் செலுத்துங்கள். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று அதே நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டுக் கருவியை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஒயரையும் தட்டை முள் பிளக்கையும் கேட்டு வாங்குங்கள். எறிந்துவிட்டோம் என்றால், அதையும் எழுத்தில் சொல்லவைக்கப் பாருங்கள்.

வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? கருவியின் பின்புறத்தில், ஒயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மின்னழுத்தக் குறிப்பில். நூறு வோல்ட் என்று அங்கே இருந்தால், ஒயர் மாற்றுகிறவர் கண்ணில் அது படாமல் இருக்க முடியாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஒயரை மாற்றியதிலோ, மூன்று முள் பிளக் போட்டதிலோ தவறில்லை. அந்தக் குறிப்பைப் படிக்காமல் சுவரில் செருகியதுதான் தவறு. தன்னிடம் ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் இது சேவைக் குறைபாடு. ரசீதில் அச்சிட்ட ஒற்றை வரி அலட்சியத்தைக் கழுவிவிடாது. போட்ட ஒயர் எத்தனை மாதம் உழைக்கும் என்ற கேள்விக்கு வேண்டுமானால் அந்த வரி பொருந்தும்.

சிப் போய்விட்டது என்ற வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1984-ல் வெளிவந்த இந்த மாடலில் ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள், அதாவது ஆறு குரல்கள், ஒலிக்கும். குரலுக்கு ஒன்றாக இருக்கும் 80017ஏ சிப்கள் வயதானால் பழுதாகும் என்பது இந்தக் கருவியை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். எதிர்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரராக இருந்தால் அதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் சிப் போனால் ஒரு சுரம் விட்டுப்போகும், கரகரக்கும், புகை வராது. நூறு வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் 230 வோல்ட் பாய்ந்தால் அதன் இரும்பு உள்ளகம் காந்தம் தாங்கும் எல்லையைத் தாண்டி, கம்பிச்சுற்றில் மின்னோட்டம் எகிறிக் கருகும். ஆகவே சம்பந்தமில்லாத வேறொரு மெக்கானிக்கிடம் கருவியைக் கொடுத்து, திறக்கும்போதே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்பார்மரின் நிலை, புது ஒயர் எங்கே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, ஆறு குரல்களில் எவை பிழைத்தன என்று கையெழுத்துடன் அறிக்கை வாங்குங்கள். ப்யூஸைத் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். ப்யூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால், அதன் பிறகு கடைக்காரர் பேசுவதற்கு அதிகம் இருக்காது.

"இவர் காசு வாங்கி வாசிக்கிறவர், வணிக நோக்கத்தில் பயன்படுத்துகிறார், நுகர்வோரே இல்லை" என்றும் வாதிடுவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர், ஆள் வைத்து ஓட்டுகிறவர் அல்ல என்ற வகையில் 1995-ல் உச்ச நீதிமன்றம் கோடு போட்டுக் காட்டியது. கருவியை மற்றக் குழுக்களுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் மனு எழுதுகிற வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளியே வருவதைப்போல் கெடுதல் வேறில்லை.

உங்கள் பக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு. வீட்டில் இருக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரையும் கூடவே கொண்டுபோயிருக்க வேண்டும், அல்லது நூறு வோல்ட் என்று ரசீதில் எழுதவைத்திருக்க வேண்டும். ஜப்பான் கீபோர்டு என்று சொன்னதற்குச் சாட்சி யாராவது இருந்தால் அவரிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். இதனால் வழக்கு தோற்காது என்றாலும், தொகை குறையலாம்.

எவ்வளவு கேட்கலாம்? புதுச் சின்தசைசரின் விலையைக் கேட்டு மனுவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டிரான்ஸ்பார்மர் மாற்றும் செலவு, கெட்டுப்போன மற்றப் பாகங்கள், கொடுத்த கூலி, மன உளைச்சல், வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். சித்திரைக் கச்சேரிக்கு எடுத்த வாடகைக் கீபோர்டின் செலவு கிடைக்குமா என்பது, கச்சேரி இருப்பதைக் கடைக்காரரிடம் முன்பே சொன்னீர்களா என்பதைப் பொறுத்தது. உடைந்த எந்திர அச்சைச் சரக்கு நிறுவனம் தாமதமாகக் கொண்டுசேர்த்ததால் நின்றுகிடந்த மாவு மில்லின் லாபத்தை, அப்படி நஷ்டம் வரும் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரியாது என்பதால், 1854-ல் இங்கிலாந்து நீதிமன்றம் தர மறுத்தது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவிலும் அதே சிந்தனை இருக்கிறது. "திருவிழாவுக்குள் வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தால்கூட அதைப் பத்திரப்படுத்துங்கள்.

மற்றவை எளிது. விரைவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாள் பாருங்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். எதிர்தரப்பு பதில் தாக்கல் செய்ய முப்பது நாள், கூடிப்போனால் இன்னும் பதினைந்து நாள்தான். அதற்கு மேல் ஆணையமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. நிபுணர் பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நோட்டீஸ் கண்டதும் கடைக்காரர் சமரசத்துக்கு வருவார் என்றே நினைக்கிறேன். வந்தால், தொகையையும் தேதியையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் கணக்கில் ஏறும்வரை கருகிய டிரான்ஸ்பார்மர் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.