ஆர்குட்டும் மைஸ்பேஸும் எங்க போச்சு?

கேள்வி: ஃபேஸ்புக் மாதிரி ஆளுங்க பழகிக்கிட்ட ஆர்குட், மைஸ்பேஸ் சைட்டுலாம் ஒரு காலத்துல ஓஹோன்னு இருந்துச்சே, எப்படி அப்படியே காணாம போச்சு?

பதில்: ஆளு இருக்குற இடத்துக்குத்தான் ஆளு வரும், நம்ம கூட்டாளிங்க நாலு பேரு வேற பக்கம் போயிட்டா அப்புறம் நமக்கு அங்க என்ன வேலை, அதான் சரியும்போது மளமளன்னு சரியுது. மைஸ்பேஸோட தாய் கம்பெனிய 2005ல நியூஸ் கார்ப்ங்கற மீடியா கம்பெனி 58 கோடி டாலருக்கு வாங்குச்சு, அப்புறம் பக்கம் பூரா விளம்பரமா ஆச்சு, 2011ல வித்தப்போ கிடைச்சது சுமார் 3.5 கோடி டாலர்தான். ஆர்குட் 2004 ஜனவரில வந்துச்சு, 2014 செப்டம்பர் 30ல மூடிட்டாங்க. பணம் போனதுகூட பரவால்லங்க, மைஸ்பேஸ்ல 2003லேர்ந்து 2015 வரைக்கும் ஜனங்க ஏத்தி வச்ச பாட்டுல பெரும்பகுதி சர்வர் மாத்தும்போது அழிஞ்சு போச்சு, அதுதான் எனக்கு இன்னும் மனசு ஆறல. அதனால நீங்க சைட்டுல ஏத்தி வச்ச போட்டோவெல்லாம் இன்னிக்கே டவுன்லோட் பண்ணி தனியா ஒரு காப்பி வச்சுக்கோங்க.