கடலடியில் எடுத்த பீரங்கியை ஏன் ஆண்டுக்கணக்கில் தொட்டியில் ஊற வைக்கிறார்கள்?

காலிமுகத்திடலில் பழைய பீரங்கிகள் மழையிலும் உப்புக்காற்றிலும் வெளியிலேயே நிற்கும்போது, மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுக்கப்படும் பீரங்கிகளை மட்டும் ஏன் நேரே நூதனசாலைக்குக் கொண்டுபோகாமல் தொட்டிகளில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் கற்பிக்கும் எனக்கு, உலோக அரிப்பு பற்றிய பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. தரையில் நின்ற பீரங்கி மேற்பரப்பில் துருப்பிடிக்கிறது; கடலடியில் கிடந்த பீரங்கியோ உள்ளே கரைந்துபோய், தன் உருவத்தை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பாய்மரக் கப்பற் காலத்துப் பீரங்கிகளில் பெரும்பாலானவை வார்ப்பிரும்பாலானவை. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு காபன் உண்டு. கடல்நீரில் இரும்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேற, காபன், பென்சில் முனையில் உள்ள காரீயத்தின் (graphite) படலங்களாக அதே இடத்தில் எஞ்சுவதால், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் பீரங்கி முழுமையாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் அதன் மேற்படையைக் கத்தியால் சீவ முடியும். இரும்பு வெளியேறிய நுண்துளைகள் எல்லாவற்றிலும் கடல் உப்பிலிருந்து வந்த குளோரைட்டு அயன்கள் நிறைந்திருக்கும். மணலும் சுண்ணாம்பும் கடல் உயிரிகளின் ஓடுகளும் இறுகி உருவான தடித்த மேலோடு ஒட்சிசனைத் தடுத்துக்கொண்டிருக்கும்வரை இந்த நிலை ஏறத்தாழ அமைதியாகவே நீடிக்கும். பீரங்கியை மேலே தூக்கி வெயிலில் உலரவிட்டால் ஒட்சிசன் உள்ளே புகுகிறது, அந்தக் குளோரைட்டு தூண்ட எஞ்சிய இரும்பு விரைந்து ஒட்சியேறுகிறது, புதிதாக உருவாகும் சேர்வைகள் அதிக இடம் கேட்டு வீங்குகின்றன, மேற்படை பாளம் பாளமாகப் பிளந்து விழுகிறது. கடலிலிருந்து எடுத்த இரும்புக் குண்டுகள் காற்றுப்பட்டதும் தாமாகவே சூடேறியதும் உண்டு.

பிளந்து விழும் அந்த மேற்படையில்தான் பீரங்கியின் முழு வரலாறும் இருக்கிறது என்பதே இதில் எனக்குப் பெரிய வருத்தம். ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் (VOC) பீரங்கி என்றால் வீ என்ற எழுத்தின் இரு கைகளிலும் ஓவும் சீயும் கோத்த சின்னமும், அதன் மேலே அம்ஸ்ரர்டாமுக்கு ஏ, மிடெல்பேர்க்குக்கு எம் என்று எந்தக் கிளைக்கு உரியது எனக் காட்டும் எழுத்தும் இருக்கலாம். ஆங்கிலப் பீரங்கிகளில் எடையை 24-2-14 என்பதுபோல் மூன்று எண்களாகப் பொறிப்பார்கள். முதலாவது 112 இறாத்தல் கொண்ட அந்தர், இரண்டாவது 28 இறாத்தல் கொண்ட கால் அந்தர், மூன்றாவது மிகுதி இறாத்தல். கூட்டிப் பார்த்தால் 2,758 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1,250 கிலோகிராம். மேலோட்டை அவசரப்பட்டுச் சுத்தியலால் உடைப்பவர், இந்த எண்களையும் ஓட்டோடு சேர்த்தே பெயர்த்து எடுத்துவிடுவார்.

ஆகவே மேலோட்டைப் பொறுமையாக நீக்கிய பின்னர், நீர்த்த சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் பீரங்கியை அமிழ்த்தி, அதைக் கதோட்டாகவும் (எதிர்மின்வாய்) சுற்றிலும் வைத்த உருக்கு வலையை அனோட்டாகவும் (நேர்மின்வாய்) கொண்டு மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். குளோரைட்டு அயன்கள் அனோட்டை நோக்கி வெளியே நகர்கின்றன. கரைசலை மாற்றி மாற்றி அதிலுள்ள குளோரைட்டின் அளவைச் சோதித்து, அது மேலும் குறையாத நிலை வரும்வரை காத்திருக்கிறார்கள். பெரிய பீரங்கி ஒன்றுக்கு இது பல ஆண்டு வேலை. பின்னர் நன்கு கழுவி, துருவைத் தடுக்கத் தனிக் அமிலம் (tannic acid) பூசி, மெழுகால் மூடுவார்கள். 1770இல் அவுஸ்திரேலியாவின் பவளப்பாறையில் சிக்கிய என்டெவர் கப்பலை மிதக்கவைக்க ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக் கடலில் தள்ளிய ஆறு பீரங்கிகள் 1969இல் கண்டெடுக்கப்பட்டபோது, இத்தகைய மின்பகுப்பு முறையாலேயே காப்பாற்றப்பட்டன.

வெண்கலப் பீரங்கியின் கதை வேறு. அது கடலில் இவ்வளவு சிதைவதில்லை. விலையும் மிக அதிகம் என்பதால் அக்காலத்தவரே அதைத் தேடி எடுத்துவிட்டார்கள். 1628இல் ஸ்டொக்ஹோமில் மூழ்கிய வாசா கப்பலின் 64 பீரங்கிகளில் 50க்கு மேற்பட்டவை 1660களிலேயே, மணி வடிவச் சுழியோடும் கூண்டின் துணையுடன் வெளியே எடுக்கப்பட்டன. நம் காலத்துக்கு எஞ்சுபவை பெரும்பாலும் இரும்புப் பீரங்கிகளே என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கையில் இந்தப் பேணல் வேலையின் சிரமம் காலித் துறைமுகத்தில் தெரிந்தது. ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றப்பட்டு, 1659இல் அங்கே மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பலை 2001 முதல் கடல்சார் தொல்லியல் பிரிவினர் அகழ்ந்து, கிடைத்த பொருள்களைக் கரையோர ஆய்வுகூடத்தில் பேணி வந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி அந்த ஆய்வுகூடத்தை அழித்ததுடன், கண்டெடுத்த பொருள்களில் பலவற்றையும் கொண்டுபோனது. தொட்டியும் மின்சாரமும் பல ஆண்டுகளுக்குரிய பணமும் உறுதியாகும்வரை பீரங்கியைக் கடலிலேயே அளந்து, படமெடுத்து, அங்கேயே விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து. மூழ்கிய இடத்திலேயே பேணுவதை முதல் தெரிவாகக் கொள்ளவேண்டும் என்றுதான் 2001இன் யுனெஸ்கோ சமவாயமும் சொல்கிறது. கண்காட்சிக்கு ஒன்று வேண்டுமென்று அவசரப்படுபவர்கள் தூக்கும் செலவை மட்டும் கணக்கிடுகிறார்கள்.

மீனவர் வலையில் ஏற்கெனவே ஒன்று சிக்கிக் கரைக்கு வந்துவிட்டால், அதைத் தட்டவோ உலரவிடவோ கூடாது. ஈரச் சாக்குகளால் மூடி, இயன்றால் நீரில் அமிழ்த்தி வைத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி இதுவரை கண்டெடுக்கப்படாத தொல்பொருள்கள் அரசுக்கே உரியவை என்பதால், பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டுப் பயனில்லை.