ஹெட்போன் அடாப்டர் கேபிள்: பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "என் புதிய கைபேசியில் 3.5 மி.மீ. ஜாக் இல்லை, டைப்-சி துளை மட்டுமே உள்ளது. மைக் வைத்த பழைய ஹெட்போனைப் பயன்படுத்துவதற்காக ஒரு சிறிய அடாப்டர் கேபிள் வாங்கினேன். அது சரியாகப் பொருந்துகிறது, ஆனால் பாட்டு கைபேசியின் ஸ்பீக்கரிலேயே ஒலிக்கிறது. அதே கேபிளை நண்பரின் கைபேசியில் செருகினால் நன்றாக வேலை செய்கிறது. இதே ஹெட்போனை மகள் பழகும் இசைக் கீபோர்டிலும் செருக வேண்டும். அதில் உள்ள துளை மிகப் பெரிது. எதை வாங்குவது? தங்க முலாம் பூசிய பின் உள்ளவற்றுக்குத்தான் ஒலி தெளிவாக இருக்கும் என்கிறார்களே, அது உண்மையா?"

உங்கள் கேபிள் பழுதானது அல்ல. கைபேசியிலும் குறை இல்லை. ஒன்றை மற்றொன்று புரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். விளக்கத்துக்குப் போகுமுன் ஒரு சொல் ஏற்பாடு: செருகும் உலோக முனையைப் பின் என்றும், அதை ஏற்கும் துளையை ஜாக் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

கைபேசிக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. ஹெட்போனுக்குள் இருக்கும் சவ்வு அதிர வேண்டுமானால் அந்த எண்கள் ஏறி இறங்கும் மின்னலைகளாக மாற வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சிறு சில்லுக்கு டிஜிட்டல்-அனலாக் மாற்றி என்று பெயர். சுருக்கமாக டாக் (DAC) என்பார்கள். 3.5 மி.மீ. ஜாக் இருந்த கைபேசிகளில் இந்தச் சில்லு ஜாக்கின் பின்னாலேயே இருந்தது. ஜாக் போனபின் அந்தச் சில்லு கைபேசிக்குள் இருக்கிறதா, கேபிளுக்குள் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே அமைகிறது.

2014-இல் வெளியான டைப்-சி விதிமுறையில், துளையில் உள்ள 24 தொடுமுனைகளில் சிலவற்றின் வழியே மின்னலையை நேரடியாக வெளியே அனுப்பவும் இடம் தரப்பட்டது. அப்படி அனுப்பும் கைபேசிக்கு, உள்ளே எந்தச் சில்லும் இல்லாத வெறும் கம்பியாலான அடாப்டர் போதும். உங்கள் நண்பரின் கைபேசி அந்த வகை. ஆனால் இந்த வசதியை வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் விதிமுறையில் இல்லை என்பதால், பல நிறுவனங்கள் அதை வைப்பதில்லை. அத்தகைய கைபேசியில் வெறும் கம்பி அடாப்டரைச் செருகினால், எதிரே ஒலிக்கருவி எதுவும் இருப்பதாகவே கைபேசிக்குத் தெரியாது. பாட்டு ஸ்பீக்கரிலேயே தொடரும். இந்தத் துணைக்கருவியை ஏற்க இயலாது என்று சில கைபேசிகள் திரையில் அறிவிக்கும். பல கைபேசிகள் அதுவும் சொல்வதில்லை.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது டாக் சில்லு உள்ள அடாப்டர். அதைக் கேபிள் என்று சொல்வதைவிட, கேபிள் வடிவில் இருக்கும் ஒரு சிறு கருவி என்பதே சரி. எண்களாக வரும் ஒலியை வாங்கி, டைப்-சி முனையின் உறைக்குள்ளேயே மின்னலையாக மாற்றிக் கொடுத்துவிடும். உங்களுடையது மட்டுமன்றி, ஏறக்குறைய எல்லா டைப்-சி கைபேசி, டேப்லெட், மடிக்கணினிகளிலும் அது வேலை செய்யும் என்பதால், என்ன வகை கைபேசி என்று தெரியாமல் யாராவது யோசனை கேட்டால் இதையே வாங்கச் சொல்வேன். ஐபோன் வைத்திருப்போருக்கும் ஒரு வரி: 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் டைப்-சி துளைதான், அதற்கும் டாக் உள்ள அடாப்டர்தான் வேண்டும், அதற்கு முந்தைய, 3.5 மி.மீ. ஜாக் இல்லாதவற்றுக்கு ஆப்பிளுக்கே உரிய லைட்னிங் முனை கொண்ட அடாப்டர் தேவை.

சிக்கல் என்னவென்றால், இரண்டு வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் கையில் அருகருகே வைத்துப் பார்த்தாலும் எடையிலோ பருமனிலோ உறுதியான வேறுபாடு தெரியாது. விற்பனை உறையில் டாக் என்ற சொல்லோ, ஒலியின் நுணுக்கத்தைக் குறிக்கும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்களோ இருந்தால் சில்லு இருப்பதாகக் கொள்ளலாம். குறிப்பிட்ட சில கைபேசி மாடல்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் வெறும் கம்பி. ஐயமறத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: ஹெட்போனை மாட்டிய அடாப்டரை மடிக்கணினியின் டைப்-சி துளையில் செருகிவிட்டு, ஒலி அமைப்புகளைத் திறந்து பாருங்கள். வெளியீட்டுக் கருவிகளின் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் வந்தால் உள்ளே சில்லு இருக்கிறது. வெறும் கம்பி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளாது.

அந்த பிட், கிலோஹெர்ட்ஸ் எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். ஒலிக் குறுந்தகட்டின் தரமே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். 96 என்று எழுதியதும் உங்கள் தேவைக்கு மேலானதே. 384 என்று எழுதியதற்காகக் கூடுதலாகச் செலவழிப்பதில் பொருள் இல்லை. எண்களில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஹெட்போனின் பெட்டியில் ஓம் என்று குறித்திருக்கும் மின்மறுப்பைத்தான், அதாவது மின்னோட்டத்தை ஹெட்போன் எதிர்க்கும் அளவைத்தான். கைபேசிக்கென்று வந்த ஹெட்போன்கள் பெரும்பாலும் 16 முதல் 32 ஓம் வரை இருக்கும்; அவற்றை எந்த டாக் அடாப்டரும் தாராளமாக ஒலிக்கச் செய்யும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று வரும் 250 அல்லது 300 ஓம் ஹெட்போனைச் சிறிய அடாப்டரில் மாட்டினால் ஒலி மெலிந்து கேட்கலாம்.

சரியான அடாப்டரை வாங்கிய பின்பும் ஒலி வராவிட்டால், திருப்பிக் கொடுக்கும் முன் கைபேசியின் அமைப்புகளில் ஓ.டி.ஜி. என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்களின் கைபேசிகளில் அதை இயக்கினால்தான் வெளிக்கருவிகள் உயிர்பெறும். சிறிது நேரம் பயன்படுத்தாமல் இருந்தால் அது தானாகவே அணைந்தும்விடும். நேற்று வேலை செய்த அடாப்டர் இன்று செய்யவில்லை என்று என்னிடம் வந்த முறையீடுகளில் சிலவற்றுக்கு இதுவே காரணமாக இருந்தது.

அடுத்து மைக். உங்கள் ஹெட்போனின் பின்னை வெளிச்சத்தில் பிடித்து, உலோகத்தின் குறுக்கே ஓடும் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். சில பின்களில் அவை வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்கும். ஒரு வளையம் என்றால் இரண்டு தொடுபகுதிகள், ஒற்றைத்தட ஒலி. இரண்டு வளையம் என்றால் மூன்று தொடுபகுதிகள்: இடது, வலது, இரண்டின் மின்னலையும் திரும்பிச் செல்லும் பொதுப் பாதையான கிரவுண்ட். மூன்று வளையம் என்றால் நான்காவதாக மைக் சேர்ந்திருக்கிறது. உங்களுடையது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே அடாப்டரின் ஜாக்கும் நான்கு தொடுபகுதி கொண்டதாக, மைக் வேலை செய்யும் என்று உறையில் தெளிவாகச் சொல்லப்பட்டதாக இருக்க வேண்டும். பாட்டு மட்டும் கேட்பதற்கென்று வரும் அடாப்டரில் ஒலி குறையின்றி வரும், ஆனால் அழைப்பின்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் ஹெட்போன் மைக்கிலிருந்து போகாது.

நான்கு தொடுபகுதிப் பின்களில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. நுனியில் இடது, அடுத்து வலது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அதற்கடுத்த இரண்டில் எது கிரவுண்ட், எது மைக் என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. சி.டி.ஐ.ஏ. என்ற மரபில் மூன்றாவது கிரவுண்ட், கடைசியில் மைக், ஓ.எம்.டி.பி. என்ற பழைய மரபில் இது தலைகீழ். இப்போது வருபவை ஏறக்குறைய எல்லாமே முதல் வகைதான் என்றாலும், பழைய ஹெட்போன் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். மரபு மாறியிருந்தால் அதன் அடையாளம் மறக்க முடியாதது: இசைக்கருவிகள் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்கும், பாடகரின் குரல் மட்டும் ஏறக்குறைய மறைந்துபோகும். இடது, வலது இரண்டிலும் சமமாக இருக்கும் ஒலி, திரும்பிச் செல்லக் கிரவுண்ட் கிடைக்காமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுவதே காரணம். குரலைப் பொதுவாக நடுவில் பதிவு செய்வதால் அதுதான் முதலில் மறைகிறது. அப்போது ஹெட்போன் கம்பியில் உள்ள அழைப்புப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். குரல் பளிச்சென்று திரும்பி வந்து, விட்டதும் மறைந்தால், ஹெட்போன் நல்ல நிலையில் இருக்கிறது, மரபுதான் மாறியிருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளலாம். மைக் தொடுபகுதியையும் கிரவுண்டையும் அந்தப் பொத்தான் ஒரு கணம் இணைத்துவிடுவதால் அப்படி நிகழ்கிறது. இதற்கென்றே இரண்டு தொடுபகுதிகளை இடம் மாற்றித் தரும் சிறு அடாப்டர் கிடைக்கிறது.

இனி கீபோர்டுக்கு வருவோம். அந்தப் பெரிய துளை 6.35 மி.மீ. ஜாக். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைபேசி இணைப்பகங்களின் பலகைகளில் அழைப்புகளை மாற்றி மாற்றிச் செருகப் பயன்பட்ட அதே அளவுதான் இன்றும் இசைக்கருவிகளில் இருக்கிறது. இங்கே சில்லு எதுவும் தேவையில்லை, 3.5 மி.மீ. ஜாக்கும் 6.35 மி.மீ. பின்னும் கொண்ட எளிய அடாப்டர் போதும். ஆனால் அந்தப் பெரிய பின்னில் இரண்டு வளையங்கள் இருக்க வேண்டும் என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒரே வளையம் உள்ளது கிதார் போன்ற ஒற்றைத்தடக் கருவிகளுக்கானது. அதைச் செருகினால் வலது தடம் கிரவுண்டோடு ஷார்ட் ஆகும். இரு காதிலும் ஒலி முறையாக வராது என்பதோடு, கீபோர்டின் வெளியீட்டுச் சுற்றுக்கும் அது நல்லதல்ல. கீபோர்டின் பின்புறம் இதே அளவில் வேறு துளைகளும் இருக்கலாம். ஹெட்போன் படம் போட்டதில் மட்டும் செருகுங்கள். ஆம்ப்ளிஃபயருக்கான வெளியீட்டில் செருகினால் பெரும்பாலும் ஒரு காதில்தான் கேட்கும், அடாப்டர் கெட்டுவிட்டது என்று வீணாக எண்ண நேரும்.

அடாப்டர் ஒரே கட்டையாக இருக்கலாமா, நடுவில் சிறிது கேபிள் இருக்க வேண்டுமா என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. சிறிய பின்னைப் பெரிய ஜாக்கில் செருகும் கட்டை அடாப்டரின் பெரும்பகுதி உள்ளே போய்விடுகிறது. வெளியே கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். ஜாக் பின்புறம் இருந்தால் அது போதும். ஆனால் சில கீபோர்டுகளில் ஜாக் முன்புறம், விசைகளுக்குக் கீழே இருக்கும். பழகும் குழந்தையின் முழங்காலோ நாற்காலியோ இடிக்கும் இடம் அது. ஒவ்வோர் இடியும் நெம்புகோலின் முனையில் விழுந்த அடிபோல உள்ளே சால்டர் செய்த இடத்துக்குப் போய்ச் சேரும். என் கீபோர்டு ஒன்றைத் திறந்து பார்த்தபோது, ஜாக்கின் கால்களைச் சுற்றி மயிரிழை போல வட்டமாக விரிசல் ஓடியிருந்தது. பின்னைத் தொட்டாலே கரகரவென்று சத்தம் வந்ததற்கு அதுவே காரணம். அதன் பிறகு நான் 10 அல்லது 15 செ.மீ. கேபிள் வைத்த அடாப்டரையே பயன்படுத்துகிறேன். இதற்கு எதிர்த்திசையில், அதாவது பெரிய பின் கொண்ட ஹெட்போனைச் சிறிய ஜாக்கில் மாட்ட நேர்ந்தால், கட்டை அடாப்டரை எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம். அந்த எடையைத் தாங்க 3.5 மி.மீ. ஜாக் செய்யப்படவில்லை.

உங்கள் ஹெட்போன் நான்கு தொடுபகுதி கொண்டதாகவும், கீபோர்டு பக்கம் மூன்றே தொடுபகுதியாகவும் இருப்பது பெரும்பாலும் இடையூறு ஆகாது. ஒருவேளை மேலே சொன்ன கிணற்று ஒலி கேட்டால், சிறிய பின்னை ஒரு மில்லிமீட்டர் அளவு வெளியே இழுத்துப் பாருங்கள். சரியானால் கிரவுண்ட் சரியாகத் தொடவில்லை என்று பொருள். அதற்கு நிலையான தீர்வு, கணினிக்கென்று விற்கும் மைக்-ஹெட்போன் பிரிப்பான். அதில் ஹெட்போன் படம் போட்ட கிளையை மட்டும் கீபோர்டு அடாப்டரில் செருகினால் போதும். இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்பதற்கான பிரிப்பானும் கிளை பிரிந்துதான் இருக்கும், ஆனால் வேறு பொருள். அதில் ஒரு பின்னும் இரண்டு ஜாக்குகளும் இருக்கும். உங்களுக்கு வேண்டியதில் ஒரு ஜாக்கும் இரண்டு பின்களும் இருக்கும்.

தங்க முலாம் ஒலியை மாற்றாது. தங்கம் கறுக்காது, துருப்பிடிக்காது என்பதால், ஆண்டுக்கணக்கில் செருகியே இருக்கும் இடத்தில் அதற்குப் பயன் உண்டு. அன்றாடம் செருகி எடுக்கும் நிக்கல் பின் உராய்விலேயே தன்னைத் துடைத்துக்கொள்ளும். ஒரே விலையில் கிடைத்தால் தங்க முலாம் பூசியதை எடுங்கள், அதற்காகவே கூடுதல் கொடுக்க வேண்டாம். பணத்தைக் கேபிளும் முனையும் சேரும் கழுத்தில் செலவிடுங்கள். பெரும்பாலான அடாப்டர்கள் அந்த இடத்தில்தான் அறுந்துபோகின்றன. கழுத்தை விரலால் வளைத்துப் பார்த்தால், நல்ல அடாப்டரில் அது மெல்ல வில்போல வளையும். மட்டமானதில் ஒரே புள்ளியில் மடங்கும். கைபேசிக்குத் தடித்த உறை போட்டிருந்தால், டைப்-சி முனையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் அந்த உறையின் துவாரத்துக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முனை முழுமையாக இறங்காமல் நிற்பதால் வரும் குறைகளை அடாப்டரின் தலையில் சுமத்துவது வழக்கமாகிவிட்டது.

வாங்கியதும் பாட்டை ஒலிக்கவிட்டு, ஹெட்போனின் பின்னை ஜாக்குக்குள் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கரகரப்போ ஒரு காது விட்டுப்போவதோ இருந்தால் அன்றே மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒருவரை அழைத்து மைக்கையும் பார்த்துவிடுங்கள். இப்போது கையில் இருக்கும் பழைய கேபிளைத் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் நண்பரின் கைபேசிக்கு அது எந்தக் குறையும் இல்லாத கேபிள். இரண்டும் ஒரே இழுப்பறையில் கிடந்து குழப்பும் முன், அவரிடம் கொடுத்துவிடுங்கள்.