60 இறாத்தல் வில்லுக்கு எந்த இலக்கு?

கேள்வி: என் கொம்பவுண்ட் வில்லின் (நுனிகளில் கப்பி பூட்டிய வில்) இழுவிசை 60 இறாத்தல். வைக்கோல் கட்டைத் துளைத்துக்கொண்டு அம்பு போய்விடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், அட்டன்

பதில்: தம்பி, வைக்கோலை விட்டுவிடுங்கள். நம் மலை மழையில் அது உக்கிவிடும். நானுஓயாவில் என் வீட்டுப் பின்புறம் தொங்குவது, பொத்தான் நீக்கிய பழந்துணிகளை உரப்பைக்குள் மிதித்து மிதித்து இறுக்கிய மூட்டை. அம்பை நிறுத்துவது உராய்வுதான். துணி தளர்ந்தால் அம்பு மறுபுறம் வந்துவிடும். மழைக்கு முன் கூரைக்குள் எடுத்துவையுங்கள். வேட்டைக்கான அகன்ற அலகு முனையை மட்டும் இதில் எய்யவே வேண்டாம்; பையைக் கிழித்துச் சிக்கிக்கொள்ளும். அதற்கு அடர்ந்த நுரை இலக்குத்தான் சரி. அதிலும் ஒரே புள்ளியில் எய்யாமல் இடம் மாற்றுங்கள், நெடுநாள் உழைக்கும். இலக்கின் பின்னால் உயரமான மண்மேடு கட்டாயம் இருக்கட்டும். கீழ்ச்சரிவில் கொழுந்து பறிப்பவர்கள் நிற்பார்கள்.