பெருவிரல் எலும்பு துருத்தினால்: பெல்ட், எக்ஸ்ரே, ஆபரேஷன், எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் என் அம்மா கொழுந்து பறிக்கிறார், வயது 54. இரண்டு காலிலும் பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, அடியில் எலும்பு முண்டு மாதிரி துருத்தி நிற்கிறது. கம்பூட் போட்டாலே வலி என்கிறார். 'முப்பது நாளில் விரல் நேராகும்' என்று இணையத்தில் ஒரு பெல்ட் 1,499 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: விரல் நேராகும் என்று நம்பி வாங்காதீர்கள். துருத்தித் தெரிவது புதிதாக முளைத்த எலும்பு இல்லை. பாதத்துக்குள் பெருவிரலோடு சேரும் நீள எலும்பு ஒரு பக்கம் விலக, விரல் மறுபக்கம் சாய்கிறது, விலகிய எலும்பின் தலைதான் வெளியே தெரிகிறது. பெரும்பாலும் குடும்பவாகு, முனை குறுகிய செருப்பும் ஷூவும் அதை மோசமாக்கும். பெல்ட் கட்டியிருக்கும் வரை விரலை இழுத்துப் பிடிக்கும், கழற்றினால் பழைய கதைதான். சிலருக்கு இராத்திரி கட்டினால் கொஞ்சம் இதமாக இருக்கும், அந்த இதத்துக்கு 1,499 ரூபாய் அதிகம். விரலிடுக்கில் வைக்கிற சிலிக்கான் துண்டு மலிவு, உரசலைக் குறைக்கும், ஆனால் ஷூவுக்குள் இடம் இருந்தால்தான்.

அந்தக் காசில் முதலில் கம்பூட்டை மாற்றுங்கள். அம்மாவை ஒரு தாளின் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள், கத்தரித்துக் கடைக்கு எடுத்துப்போய் பூட்டுக்குள் நுழைத்துப் பாருங்கள். முன்பக்கம் தாள் மடங்கினால் அந்த பூட் வேண்டாம். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், மலைக்குப் போடும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். தோல் ஷூவை முண்டு இருக்கும் இடத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து விரிக்கச் சொல்லலாம், ரப்பர் விரியாது.

ஏற்கெனவே பெல்ட் வாங்கி ஏமாந்தவர்கள் அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தவறான விளம்பரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற விஷயம்.

கேள்வி: குன்னூரிலிருந்து கோவைக்குப் போய் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ இரண்டும் எடுத்தேன். வேறொரு டாக்டரிடம் காட்டினால் 'இந்த எக்ஸ்ரே ஆகாது, மறுபடி எடுங்கள்' என்கிறார். வசூல்தானே இது?

பதில்: இரண்டாவது டாக்டர் மேல் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் முதல் எக்ஸ்ரேயை எப்படி எடுத்தார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள், மேசையில் படுக்கவைத்தோ உட்காரவைத்தோதானே? உடல் எடை பாதத்தில் இறங்கும்போதுதான் எலும்புகள் விலகுகின்றன. படுத்த நிலையில் எடுத்தால் கோணல் குறைவாகவே தெரியும், உட்கார்ந்திருப்பவருக்குப் பேண்ட் நீளம் அளப்பது மாதிரி. நின்றபடி, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று வேண்டும். ரெஃபர் சீட்டிலேயே 'நின்ற நிலையில்' என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் எக்ஸ்ரே அறையில் கூட்டம் இருக்கும் நாளில் படுக்கச் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் படத்தில் டாக்டர் இரண்டு கோணம் அளப்பார். பெருவிரலுக்கும் அதன் நீள எலும்புக்கும் நடுவே 15 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு, 40-ஐத் தாண்டினால் கடுமை. முதல் இரண்டு நீள எலும்புகளுக்கு நடுவே 9 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மூட்டு தேய்ந்திருக்கிறதா, விரலடியில் உள்ள இரண்டு சின்ன எலும்புகள் இடம் மாறியிருக்கின்றனவா என்பதும் அதிலேயே தெரியும். எந்த ஆபரேஷன் என்பதை முடிவு செய்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, அதனால் செலவும் இங்கேதான் தீர்மானமாகிறது. ரிப்போர்ட்டில் 'ஹேலக்ஸ் வால்கஸ்' (இந்தக் கோணலின் மருத்துவப் பேர்) என்று மட்டும் இருந்தால் கோணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எம்ஆர்ஐ? சாதாரணமாக இதற்குத் தேவைப்படாது. குருத்தெலும்பிலோ நரம்பிலோ வேறு சந்தேகம் இருந்தால் எடுப்பார்கள். 'எதைத் தேட எடுத்தீர்கள்' என்று கேளுங்கள், அதற்குப் பதில் வராவிட்டால்தான் கோபப்பட வேண்டும். படம், சிடி எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவப் பதிவேடு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-லிருந்தே விதி.

கேள்வி: முந்தாநாள் இராத்திரி திடீரென்று பெருவிரல் மூட்டு சிவந்து, சூடாகி, போர்வை பட்டாலே உயிர் போகிறது. இதற்கும் ஆபரேஷனா? (மஞ்சூர் வாசகர்)

பதில்: ஒரே இராத்திரியில் இப்படி வந்தால் கவுட் என்கிற யூரிக் அமில வாதமாக இருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் மற்றதைப் படிக்க வேண்டாம்.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறேன், 47 வயது, பள்ளி ஆசிரியை. 'லேசர், தழும்பில்லை, மறுநாளே நடக்கலாம்' என்று ஒரு பேக்கேஜ் விளம்பரம். நம்பலாமா?

பதில்: விலகிய எலும்பை லேசர் நகர்த்தாது டீச்சர். பொதுவாக நீள எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்குரூ போட்டு நிறுத்துவார்கள். கோணல் அதிகமாகி நீள எலும்பின் அடிமூட்டும் ஆடினால் அந்த மூட்டையே அசையாதபடி ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள், அதற்கு லாபிடஸ் என்று பேர். சின்னத் துளை வழியாகவும் செய்யலாம், அது நிஜமான முறைதான், ஆனால் உள்ளே எலும்பு வெட்டுப்படுவது வெட்டுப்படுவதுதான், அது ஒட்டிச் சேர ஆறு வாரமாவது ஆகும். மறுநாளே நடக்கலாம் என்பது பலருக்கு உண்மை, எப்படியென்றால் குதிகாலில் எடை போட்டு, தட்டையான ஸ்பெஷல் ஷூவில், பாத்ரூம் வரைக்கும். வீக்கம் முழுசாக வடியப் பல மாதம் ஆகும்.

வலி இல்லாமல் அழகுக்காக மட்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன். விரல் விறைக்கலாம், மரத்துப்போகலாம், சிலருக்குக் கோணல் திரும்பவும் வரும். சர்க்கரை இருந்தால் பாதத்தின் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் பார்த்த பிறகே பேச்சு.

பேக்கேஜில் ஸ்குரூ, மயக்க மருந்து, ஸ்பெஷல் ஷூ, கட்டுப் பிரிப்பது, ஆறாவது வாரம் எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்குரூ பாக்கெட்டில் இருக்கும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், நாளைக்கு அதைக் கழற்ற வேண்டி வந்தால் எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரியவேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் சீட்டில் வலியும் நடக்கச் சிரமமும் பதிவாகட்டும், அழகு சிகிச்சை என்று தோன்றினால் தள்ளிவிடுவார்கள். பாலிசி எடுத்த பிறகு இதற்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் முடிந்ததா என்றும் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்காரர்கள் மருத்துவமனை காப்பீட்டுக் கவுண்டரில் முன் அனுமதி கிடைத்த பிறகே தேதி குறியுங்கள்.

நம் ஊருக்கென்று ஒன்று உண்டு. மழை மாதங்களில் வைத்துக்கொள்ளாதீர்கள், கட்டு நனையக்கூடாது, சரிவும் பாசி பிடித்த படியும் ஊன்றுகோலுக்கு ஆகாது. ஜனவரிக்கு மேல் தோதுப்படும், பரீட்சை நேரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கோவையில் செய்தால் கட்டுப் பிரிக்க மலை இறங்கி ஏறும் கார் வாடகையையும் செலவில் சேருங்கள். வலது கால் என்றால் டாக்டர் சரி சொல்லும் வரை வண்டி ஓட்டக் கூடாது.

ஏதாவது தப்பாகப் போனால் பணம் கட்டிய சிகிச்சைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.